புது செல்போன் டவருக்கு நகர அனுமதி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டவருக்கான விண்ணப்பங்களைத் தயாரித்து, நகர நிர்வாகத்திடம் கொண்டுபோய், கருத்துக்கேட்புக் கூட்டங்களில் உட்கார்ந்து பதில் சொல்லும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். விண்ணப்பிப்பவர், இடம் கொடுப்பவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று மூன்று பேர் மூன்று பக்கத்திலிருந்து வந்து கேட்டாலும் சுற்றிச் சுற்றி ஒரு கேள்விக்குத்தான் வந்து நிற்பார்கள்: ஏன் இங்கே? அந்த ஒன்றுக்கு நேர்மையாகப் பதில் இருந்தால் அனுமதி கிடைப்பது அத்தனை கஷ்டமில்லை. அந்தப் பதில் இல்லாத ஃபைல் எத்தனை தடிமனாக இருந்தாலும் தள்ளாடும். விதிகள் நாட்டுக்கு நாடு, ஊருக்கு ஊர் மாறும். எங்கேயும் பொருந்தக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன். சில நாடுகளின் சட்டங்களை உதாரணத்துக்காகச் சேர்த்திருக்கிறேன்.

கம்பெனிக்கு அரசே உரிமம் கொடுத்துவிட்டது. அப்புறம் நகர நிர்வாகத்திடம் எதற்குத் தனி அனுமதி?

அரசு கொடுத்தது அலைவரிசைக்கான உரிமம். அந்த அலையை அனுப்பப்போகும் இரும்பு ஒரு தெருவில், யாரோ ஒருவருடைய வாசலுக்கு எதிரே நிற்கப்போகிறது. அஸ்திவாரம், உயரம், அடுத்த கட்டடத்துக்கு விட வேண்டிய இடைவெளி, சத்தம், கேபிளுக்காகச் சாலையை வெட்டுவது எல்லாம் நகரம் பார்க்க வேண்டியவை. அலையின் வலிமை எவ்வளவு வரை இருக்கலாம் என்பதைப் பெரும்பாலும் தேசிய அளவில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் 1996 தொலைத்தொடர்புச் சட்டம் இந்த எல்லைக்கோட்டை எழுத்திலேயே போட்டிருக்கிறது. டவர் எங்கே வரலாம் என்ற அதிகாரத்தை உள்ளாட்சிகளிடமே விட்டது. கூடவே சில கட்டுப்பாடுகளையும் வைத்தது. ஒரு கம்பெனிக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறு நியாயம் என்று நடக்கக் கூடாது. அந்தச் சேவையே ஊருக்குள் வர முடியாதபடி தடுக்கக் கூடாது. தேசிய வரம்புக்குள் இருக்கும் டவரைக் கதிர்வீச்சைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது. எல்லா நாட்டிலும் இதே விதி இல்லை. ஆனால் எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்பது தெரிந்தால் பாதிச் சண்டை அன்றே குறைந்துவிடும்.

ஏன் இந்த இடம்? வேறு இடமே கிடைக்கவில்லையா?

இதற்கு நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

இடத்தை முதலில் முடிவு செய்வது ரேடியோ இன்ஜினியர். எங்கே அழைப்பு துண்டிக்கிறது, எந்த டவரில் நெரிசல் என்று பார்த்து, வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டுக் கொடுப்பார். அதைத் தேடல் வட்டம் என்று சொல்வோம். வீடுகள் நெருங்கிய நகரப் பகுதியில் அந்த வட்டம் சில நூறு மீட்டர்தான் இருக்கும். வட்டத்துக்கு வெளியே கொண்டுபோனால் ஓட்டை அடைபடாது. அது மட்டுமில்லை, பக்கத்து டவரின் சிக்னலோடு மோதி அங்கேயும் கெடுக்கும். அதனால்தான் "ஊருக்கு வெளியே காலியாக அவ்வளவு நிலம் கிடக்கிறதே, அங்கே வைக்கக் கூடாதா" என்ற யோசனை பல சமயம் நடப்பதில்லை. ஆள் இல்லாத இடத்தில் வைத்தால் ஆள் இருக்கும் இடத்துக்குச் சிக்னல் வந்து சேராது.

வட்டத்துக்குள் நாலைந்து இடங்களாவது இருக்கும். ஒவ்வொன்றையும் பார்த்து, எது ஏன் சரிப்படவில்லை என்று எழுதி வைக்க வேண்டும். "உரிமையாளர் மறுத்துவிட்டார்", "கட்டடம் எடை தாங்காது", "எதிரே உயரமான குடியிருப்பு மறைக்கிறது" என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு வரி, தேதியோடு. இந்த ஒரு பக்கம் இல்லாமல் வரும் விண்ணப்பங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வாடகை குறைவாகக் கிடைத்த ஏதோ ஒரு மொட்டை மாடியைப் பிடித்துவிட்டு, அதற்குத் தகுந்தாற்போல் காரணத்தைப் பின்னால் எழுதியிருப்பார்கள். கூட்டத்தில் யாராவது ஒருவர் எழுந்து "அடுத்த தெருவில் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் கேட்டீர்களா?" என்றால் பதில் இருக்காது. அந்த மௌனம் ஒன்றே ஃபைலைக் கவிழ்த்துவிடும். கவிழ வேண்டியதும்தான்.

ஒரு விண்ணப்பத்தில், "இங்கே சிக்னலே இல்லை" என்று கம்பெனி எழுதியிருந்தது. "எங்களுக்கு நன்றாகவே எடுக்கிறது" என்று குடியிருப்பவர்கள் எழுதியிருந்தார்கள். இரண்டில் எது பொய் என்று பார்க்க மூன்று மாலைகள், ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, அளக்கும் போனோடு நடந்தேன். சிக்னலின் பலத்தை அளக்கும் டி.பி.எம். கணக்கில் சாலையில் மைனஸ் 87 காட்டியது, நல்ல சிக்னல். அதே கட்டடத்தின் பின்பக்கத் தரைத்தள வீட்டுக்குள் மைனஸ் 117. இந்தக் கணக்கில் 30 குறைந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் வந்து சேர்கிறது என்று அர்த்தம். அந்த வீட்டுப் பெரியவர் பேச வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் படியிறங்கி வாசலுக்கு வருவாராம். கம்பெனியும் பொய் சொல்லவில்லை, குடியிருப்பவர்களும் சொல்லவில்லை. அவர்கள் முன்பக்கத்து மாடியில் இருந்தார்கள், இவர் பின்பக்கத்தில். காரில் போய் அளந்த வரைபடத்தில் தெரு முழுக்கப் பச்சையாக இருந்தது. வீட்டுக்குள் அளந்த எண்களைச் சேர்த்த பிறகுதான் அந்த விண்ணப்பத்துக்கு உயிர் வந்தது.

போனில் நாலு கோடு தெரிகிறது. இன்னொரு டவர் எதற்கு?

கோடு காட்டுவது சிக்னலின் பலத்தை. எத்தனை பேர் அதைப் பங்கு போடுகிறார்கள் என்று அது காட்டாது. ஒரு டவர் ஒரு நேரத்தில் தரக்கூடிய டேட்டாவுக்கு ஓர் அளவு உண்டு. மதியம் சும்மா ஓடும் வீடியோ இரவு எட்டு மணிக்குச் சுற்றிக்கொண்டே நிற்பது இதனால்தான். அப்புறம், எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறது. ஆகவே கோட்டை வைத்து எந்தத் தரப்பும் வாதாட வேண்டாம்.

பரப்பு போதாமல் வரும் டவர் வேறு, நெரிசலைக் குறைக்க வரும் டவர் வேறு. விண்ணப்பத்தில் எது என்று தெளிவாக எழுதுங்கள். நெரிசல்தான் பிரச்சினை என்றால், ஓங்கி உயர்ந்த ஒரு டவரைவிடத் தெருவிளக்குக் கம்பம் போன்றவற்றில் மாட்டும் சிறு கருவிகள் பல இடங்களில் போதும். அதை யோசித்தீர்களா என்று நகர நிர்வாகம் கேட்கும்.

ஏற்கனவே இருக்கும் டவரிலேயே சேர்த்து மாட்டினால் என்ன?

முடிந்தால் அதுதான் நல்லது. புது டவர் கேட்கும் முன் பக்கத்தில் இருக்கும் டவர்களை ஆராய்ந்ததற்கு ஆதாரம் காட்டச் சொல்லும் ஊர்கள் நிறைய. முடியாமல் போவதற்கு உண்மையான காரணங்களும் உண்டு. ஒவ்வொரு ஆன்டெனாவும் காற்றை வாங்கும். பழைய டவரின் எஃகு அந்தக் கூடுதல் காற்றழுத்தத்தைத் தாங்காமல் போகலாம். மேலே நல்ல உயரங்களை மற்ற கம்பெனிகள் பிடித்திருக்கலாம். மீதி இருக்கும் உயரம் எதிர்க் கட்டடத்துக்குக் கீழே போய்விடலாம். இவற்றை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் கணக்கோடு காட்டுங்கள். "சாத்தியமில்லை" என்று ஒரே சொல்லில் முடிக்காதீர்கள்.

பக்கத்தில் குடியிருப்பவர்கள் இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றைக்கு ஒரு கம்பெனிக்காக வரும் டவரில் நாளை இன்னும் இரண்டு மூன்று வரலாம். அமெரிக்காவில் 2012-ல் வந்த ஒரு சட்டப்படி, இருக்கும் டவரின் அளவைப் பெரிதாக மாற்றாத சேர்க்கைகளை உள்ளாட்சி மறுக்கவே முடியாது. எனவே முதல் கூட்டத்திலேயே கேளுங்கள்: கடைசியில் இது எவ்வளவு உயரம் போகும், எத்தனை கம்பெனிகள் வரும்?

விண்ணப்பத்தோடு என்னென்ன கொடுக்க வேண்டும்?

பட்டியல் ஊருக்கு ஊர் வேறு. பெரும்பாலும் கேட்பது இவைதான்: நிலம் அல்லது கட்டடத்தின் உரிமை ஆவணமும் உரிமையாளரின் ஒப்புதலும், அளவு போட்ட மனை வரைபடம், டவரின் வடிவமைப்பும் அது தாங்கும் காற்று வேகமும், மண் பரிசோதனை அறிக்கை, மொட்டை மாடி என்றால் கட்டடத்தின் உறுதிச் சான்று, கதிர்வீச்சு வரம்புக்குள் இருக்கும் என்ற கணக்கு, கட்டிய பின் எப்படித் தெரியும் என்று காட்டும் படங்கள். விமானப் பாதை, தீயணைப்பு, மின்வாரியம் போன்றவற்றின் தடையில்லாச் சான்றுகள் தேவைப்படும் இடத்தில் அவையும் வேண்டும்.

அனுபவத்தில் சொல்கிறேன், ஃபைல் திரும்பி வருவது பெரிய விஷயங்களால் இல்லை. வரைபடத்தில் ஓர் உயரம், கணக்கில் இன்னோர் உயரம். சான்றிதழில் பழைய கதவு எண். மொட்டை மாடியில் வரும் டவரின் உயரத்தைத் தரையிலிருந்து சொல்வதா, மாடியிலிருந்து சொல்வதா என்பதில்தான் அதிகக் குழப்பம். எல்லாத் தாளிலும் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

பல நாடுகளில் காலக்கெடு உண்டு. அமெரிக்காவில் 2009-ல் தொலைத்தொடர்பு ஆணையம் புது டவருக்கு 150 நாள், இருக்கும் டவரில் சேர்ப்பதற்கு 90 நாள் என்று வைத்தது. சிறு கருவிகளுக்கு 2018-ல் அதைவிடக் குறைவான கெடு வந்தது. இந்தியாவில் கேபிளும் டவரும் அமைக்க அனுமதி தருவது பற்றி 2016-ல் வந்த வழியுரிமை விதிகள் 60 நாள் கொடுத்தன. அதற்குள் பதில் இல்லையென்றால் அனுமதி தந்ததாகவே கொள்ளலாம் என்றன.

ஆனால் விண்ணப்பம் முழுமையாக இருந்தால்தான் இந்த நாள்கள் ஓடும். ஒரு தாள் குறைந்து ஃபைல் திரும்பினால் கடிகாரமும் நின்றுவிடும். கெடு முடிந்ததும் "அனுமதி வந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறோம்" என்று குழி தோண்ட ஆரம்பிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். சட்டம் இடம் கொடுத்தாலும் அப்படிச் செய்யாதீர்கள் என்பேன். பதில் கேட்டு ஒரு கடிதம், நேரில் ஒரு நடை, இரண்டும் கூடுதலாக ஒரு வாரம்தான் கேட்கும். தெருவே எதிர்த்து நின்றால் மாதக்கணக்கில் வேலை நின்றுபோகும்.

கதிர்வீச்சால் ஆபத்து உண்டா, இல்லையா? நேராகச் சொல்லுங்கள்.

சொல்கிறேன். டவரிலிருந்து வருவது ரேடியோ அலை. எக்ஸ்ரே போல அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து அயனியாக்கும் ஆற்றல் அதற்குக் கிடையாது. உறுதியாகத் தெரிந்திருக்கும் பாதிப்பு, மிக அதிக வலிமையில் திசுக்களைச் சூடாக்குவது. ஐ.சி.என்.ஐ.ஆர்.பி. என்ற சர்வதேச ஆணையம் இதை வைத்துத்தான் வரம்புகளை எழுதியது. 1998-ல் முதலில், பிறகு 2020-ல் திருத்தி. உடல் எடையில் கிலோவுக்கு 4 வாட் உள்வாங்கினால் வெப்பம் ஏறத்தாழ 1 டிகிரி உயரலாம் என்று எடுத்துக்கொண்டு, பொதுமக்களுக்கு அதில் ஐம்பதில் ஒரு பங்கான 0.08 வாட்டை வரம்பாக வைத்தார்கள். நாம் நிற்கும் இடத்தில் அளக்கும் கணக்காகச் சொன்னால், 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1800-க்கு 9 வாட். சில நாடுகள் இதைவிடக் கடுமையாக வைத்திருக்கின்றன. இந்தியா 2012 செப்டம்பரில் வரம்பை இதில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது.

"உலகச் சுகாதார நிறுவனமே புற்றுநோய் வரலாம் என்று சொன்னதே" என்பார்கள். அந்த நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011-ல் ரேடியோ அலைகளை "புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியம் இருக்கலாம்" என்ற 2பி பிரிவில் வைத்தது உண்மை. அதை மறைக்கக் கூடாது, மழுப்பவும் கூடாது. அதற்கு முக்கிய அடிப்படையாக இருந்தது போனைக் காதோடு வைத்து அதிகம் பேசியவர்களைப் பற்றிய ஆய்வுகள். அதுவும் வரம்புக்குட்பட்ட சான்று என்றே குறிப்பிட்டார்கள். டவர் போன்றவற்றிலிருந்து சுற்றுப்புறத்தில் வரும் அலைகளைப் பற்றி முடிவு சொல்லச் சான்று போதாது என்றார்கள்.

இன்னொன்றும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒரு பங்காகும். ஆன்டெனா டார்ச் விளக்கு மாதிரி. முன்பக்கம்தான் வீச்சு, அதுவும் லேசாகக் கீழே சாய்ந்து தொலைவில் போய் இறங்கும். நேர் அடியில் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். அதனால் மொட்டை மாடி டவருக்குக் கீழ் வீட்டில் இருப்பவரைவிட, ஆன்டெனாவுக்கு நேர் எதிரே அதே உயரத்தில் ஜன்னல் வைத்திருப்பவர்தான் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். விண்ணப்பதாரர்களே, அந்த ஜன்னலை நீங்களே கண்டுபிடித்து, அதற்கான எண்ணை முதல் பக்கத்தில் போடுங்கள். அவர் கேட்டபிறகு தேடுவது வேறு, கேட்கும் முன்பே வைப்பது வேறு.

பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வைக்கலாமா?

சில ஊர்களில் விதியே தடுக்கிறது, சில ஊர்களில் இல்லை. வரம்புகள் குழந்தைகளையும் சேர்த்துத்தான் வைக்கப்பட்டவை. டவர் தள்ளிப் போனால் சிக்னல் குறைந்து, கையிலிருக்கும் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்கிறது என்பதும் உண்மை. 4ஜி போன் உச்சமாக 0.2 வாட் அனுப்பும். நல்ல சிக்னலில் அதில் மிகச் சிறு பங்கே போதும்.

ஆனாலும் என் கருத்து: தேடல் வட்டத்துக்குள் வேறு இடம் கிடைக்குமானால் பள்ளிக்கூடத்தை விட்டுவிடுங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டுத் தினமும் கவலையோடு உட்காரும் தாயின் பயத்தை எந்த அட்டவணையும் தீர்க்காது. அந்தப் பயத்துக்கும் மரியாதை உண்டு.

5ஜி மட்டும் தனி ஆபத்தா?

இல்லை. அதுவும் ரேடியோ அலைதான், அதே வரம்புகள்தான் அதற்கும். 2020 ஏப்ரலில் பிரிட்டனில் கொரோனாவுக்குக் காரணம் 5ஜி என்ற வதந்தியை நம்பி டவர்களுக்குத் தீ வைத்தார்கள். பர்மிங்காமில் தற்காலிக மருத்துவமனைக்குச் சேவை கொடுத்த டவரும் எரிந்தது. நோயாளிகள் குடும்பத்தோடு பேச அந்தச் சிக்னலைத்தான் நம்பியிருந்தார்கள். அதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது.

காற்றில் விழுந்துவிட்டால்?

நியாயமான பயம். இதற்கு வாய்வார்த்தை போதாது, கணக்கு வேண்டும். அந்தப் பகுதியில் எதிர்பார்க்கும் உச்சக் காற்று வேகம், ஆன்டெனாக்கள் முழுதும் மாட்டிய பிறகு வரும் அழுத்தம், மண்ணின் தாங்குதிறன், நிலநடுக்கம் வரும் பகுதி என்றால் அதற்கான கணக்கு. மாட்டப்போகும் ஆன்டெனாவை மட்டும் கணக்கில் சேர்த்து, நாளை வரப்போவதை விட்டுவிடுவது நான் அடிக்கடி பார்க்கும் குறை.

டவரின் உயரத்துக்குச் சமமாகவோ அதில் ஒரு பங்காகவோ சுற்றிலும் இடம் விட வேண்டும் என்று பல ஊர்கள் கேட்கின்றன. ஒற்றைக் கம்ப டவரில், அளவு மீறினால் நடுவில் மடங்கித் தன் எல்லைக்குள்ளேயே விழும்படி வடிவமைப்பதும் உண்டு. மொட்டை மாடி என்றால் நான் முதலில் பார்ப்பது டவரை இல்லை, கட்டடத்தின் வயதை. தூண்கள் எங்கே வருகின்றன, அவற்றின் தலைக்கு மேல்தான் டவரின் கால்கள் உட்காருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வெறும் தளத்தில் கால் ஊன்றும் வரைபடம் வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

பார்க்க அசிங்கமாக இருக்குமே. மறைக்க முடியாதா?

ஓரளவு முடியும். 1992-லேயே அமெரிக்காவின் டென்வரில் பைன் மரம் போல ஒரு டவரை நிறுத்தினார்கள். பிறகு கொடிக்கம்பம், மணிக்கூண்டு, புகைபோக்கி என்று பல வேடங்கள் வந்தன. சுற்றிலும் உண்மை மரங்கள் இருந்தால் மர வேடம் பொருந்தும். மொட்டைத் தெருவில் தனியாக நின்றால் இன்னும் துருத்திக்கொண்டு தெரியும். அங்கே மெல்லிய சாம்பல் நிறக் கம்பமே மேல்.

எப்படித் தெரியும் என்று சொல்ல எனக்குப் பிடித்த வழி பலூன். காற்று அடங்கிய அதிகாலையில், பெரிய சிவப்பு பலூனை அளந்த கயிற்றில் கட்டி, டவர் வரவேண்டிய இடத்தில் அதே உயரத்துக்கு ஏற்றிப் பிடிக்க வேண்டும். தெருக்காரர்களையே எங்கிருந்து படம் எடுக்கலாம் என்று சொல்லச் சொல்வேன். ஒரு முறை அப்படிச் சுற்றி வந்தபோது, எதிர்ப்பாளர்களில் முதல் ஆளாக இருந்தவர் தன் வாசலில் நின்று தேடிவிட்டு, "எங்கே, தெரியவே இல்லையே" என்றார். இரண்டு தெரு தள்ளி, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்த வீட்டில் சமையலறை ஜன்னல் முழுக்கப் பலூன்தான். அந்த வீட்டுக்காக டவரை மனையின் மறுமூலைக்கு நகர்த்தினோம். கணினியில் செய்த படம் இதைக் காட்டியிருக்காது, ஏனென்றால் அந்த ஜன்னலிலிருந்து படம் எடுக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

ஜெனரேட்டர் சத்தம்?

கூட்டங்களில் கதிர்வீச்சு பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார்கள். வாழ்நாள் முழுக்கத் தொந்தரவு செய்யப்போவது பெரும்பாலும் இதுதான்.

ஒரு கூட்டத்தில் எல்லாரும் பேசி முடிக்கும் வரை பொறுமையாக இருந்த ஒரு அம்மா எழுந்து, "தம்பி, அந்த ஜெனரேட்டர் எந்தச் சுவரோரம் வருது?" என்று கேட்டார். வரைபடத்தை விரித்தோம். அவருடைய படுக்கையறை ஜன்னலிலிருந்து நாலு மீட்டர். எங்களில் ஒருவருக்கும் அது கண்ணில் படவில்லை. வரைபடத்தில் பக்கத்து வீடு ஒரு வெறும் சதுரம்தான். ஜன்னல் எங்கே என்று அதில் இல்லை. அங்கேயே சிவப்புப் பேனாவால் எதிர் மூலைக்கு மாற்றிக் குறித்தோம். சத்தம் அடக்கும் உறை, வாராந்திரச் சோதனை ஓட்டம் பகல் பன்னிரண்டு மணிக்கு மட்டும் என்பதை அனுமதி நிபந்தனையாகவே எழுதச் சொன்னோம். அன்றிலிருந்து என் வரைபடங்களில் சுற்றியுள்ள வீடுகளின் ஜன்னல்களையும் குறிக்கிறேன்.

மின்சாரம் போனால் முதலில் பேட்டரி, பிறகுதான் ஜெனரேட்டர் என்று அமைத்தால் சின்னச் சின்ன மின்தடைக்கு அது ஓடவே வேண்டியதில்லை. வெயிலில் கருவிகளைக் குளிர்விக்கும் விசிறிச் சத்தத்தையும் கேட்க மறக்காதீர்கள்.

சிவப்பு விளக்கு அவசியமா? பறவைகளுக்குக் கெடுதல் என்கிறார்களே?

உயரமான டவர்களுக்கும் விமான நிலையத்தை ஒட்டியவற்றுக்கும் விளக்கு கட்டாயம். அணையாமல் எரியும் சிவப்பு விளக்கு, மேகம் கவிந்த இரவுகளில் வலசை போகும் பறவைகளை ஈர்த்துச் சுற்ற வைக்கிறது. விட்டு விட்டு எரியும் விளக்கில் அது வெகுவாகக் குறைகிறது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2015-ல் இதற்காகவே தன் வழிகாட்டுதலை மாற்றியது. உங்கள் ஊர் விதி இடம் கொடுத்தால் விட்டு எரிவதையே கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எப்போது சொல்வது?

விண்ணப்பம் போடும் முன். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

"முன்னாடியே சொன்னால் முன்னாடியே எதிர்ப்பார்கள்" என்று கம்பெனியில் சொல்வார்கள். ஒரு காலையில் எழுந்து வாசலில் குழி தோண்டுவதைப் பார்ப்பவர் எதிர்க்கும் வேகமும், ஒரு மாதம் முன்பு வீட்டுக்கு வந்து வரைபடம் காட்டியவரிடம் காட்டும் வேகமும் ஒன்றல்ல. ஒருவர் மட்டும் போங்கள், படையாகப் போகாதீர்கள். வரைபடத்தை அவர்கள் கையில் கொடுங்கள். தெரியாத கேள்விக்கு "கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுதிக்கொண்டு, இரண்டு நாளில் திரும்பப் போய்ச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது முறை போவதுதான் முக்கியம்.

என் இடத்தைக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

முதலில் ஓர் எச்சரிக்கை. "உங்கள் மாடியில் டவர் வைக்கிறோம், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்" என்று யாராவது போன் செய்தால் உடனே வைத்துவிடுங்கள். பணம் இடம் கொடுப்பவருக்குத்தான் வர வேண்டும், அவரிடமிருந்து போகக் கூடாது. இதில் சேமிப்பை இழந்தவர்கள் நிறையப் பேர்.

உண்மையான ஒப்பந்தம் என்றால் வாடகையை மட்டும் பார்க்காதீர்கள். இவை பெரும்பாலும் பத்து, இருபது வருட ஒப்பந்தங்கள். நகர அனுமதி கிடைக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக முடியுமா? நள்ளிரவில் பழுது பார்க்க ஆள் வந்தால் எந்த வழியாக வருவார்? இன்னொரு கம்பெனியைச் சேர்த்தால் அந்த வாடகையில் உங்களுக்குப் பங்கு உண்டா? மாடியில் நீர்க்கசிவு வந்தால் யார் சரி செய்வது? கூடுதல் சொத்து வரி யார் தலையில்? டவரை எடுக்கும்போது அஸ்திவாரத்தையும் எடுப்பார்களா? வீட்டில் வேறு பங்குதாரர்கள் இருந்தால் எல்லாருடைய ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். அண்ணன் கையெழுத்துப் போட்டு, தம்பி நீதிமன்றம் போன கதைகள் எனக்குத் தெரியும்.

நான் எதிர்க்க விரும்புகிறேன். எப்படி எதிர்ப்பது?

உங்கள் உரிமை அது. நகரம் முடிவு செய்யக்கூடிய விஷயங்களில் குறிவையுங்கள்: இடைவெளி, உயரம், சத்தம், கட்டட உறுதி, மாற்று இடம், பார்வை. ஃபைலை வாங்கிப் படியுங்கள். அதில் இருக்கும் ஓர் எண்ணைத் தவறென்று காட்டுவது இருநூறு கையெழுத்தைவிடக் கனமானது. "எங்கேயும் வேண்டாம்" என்பதைவிட "இங்கே வேண்டாம், அந்த இடத்தைப் பாருங்கள்" என்ற மனுவுக்கு வேகமாகப் பதில் வரும்.

மறுத்துவிட்டால் என்ன செய்வது?

காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் இதைப் பற்றி உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று உண்டு. ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் நகரம், மரம் போன்ற 108 அடி டவருக்கு டி-மொபைல் என்ற செல்போன் கம்பெனி கேட்ட அனுமதியை 2010-ல் மறுத்தது. மறுப்புக் கடிதத்தில் காரணம் இல்லை. காரணம் தெரியும் கூட்டக் குறிப்பு வந்தது 26 நாள் கழித்து. வழக்குப் போடும் கெடுவோ 30 நாள்தான். காரணம் கடிதத்திலேயே இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏறக்குறைய அதே நேரத்தில் கிடைத்தாக வேண்டும் என்று 2015-ல் தீர்ப்பு வந்தது. நகரம் அதைச் செய்யவில்லை என்றது நீதிமன்றம்.

காரணம் கைக்கு வந்ததும் மேல்முறையீட்டுக்கு ஓடாதீர்கள். படியுங்கள். உயரம்தான் குறை என்றால் குறைத்து, இடம்தான் குறை என்றால் மாற்றி மறுபடி விண்ணப்பிப்பது பெரும்பாலும் வழக்கைவிட வேகமானது.

கட்டி முடித்த பிறகு வரம்புக்குள் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அளக்கச் சொல்லலாம். பல நாடுகளில் தொலைத்தொடர்புத் துறையே அளந்து தரும், சில இடங்களில் சிறு கட்டணம் உண்டு. அளக்க வரும்போது கூடவே நில்லுங்கள். கருவியைத் தெருவில் வைத்து அளந்துவிட்டுப் போக விடாதீர்கள். உங்கள் வீட்டில் நீங்கள் அதிக நேரம் இருக்கும் இடம் எதுவோ, கட்டில் தலைமாட்டோ ஜன்னலோரமோ, அங்கே வைக்கச் சொல்லுங்கள். மாலை நெரிசல் நேரத்தில் அளப்பது நல்லது. டவர் அப்போதுதான் அதிகம் உழைக்கிறது. காட்டும் எண்ணையும் அந்த அலைவரிசைக்கான வரம்பையும் ஒரே தாளில், தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்தோடு ஒரு நகல் வாங்கி வையுங்கள். புதிதாக ஆன்டெனா ஏறினால் மறுபடி அளக்கச் சொல்லி, பழைய தாளோடு வைத்துப் பாருங்கள்.